போலி முன்னோர் ஒழிப்பு

இந்த அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை. என்னுடைய மனு ஒன்றும் அங்கே கிடக்கிறது, எழுதினால் அதற்கு ஏதாவது ஆகிவிடும். பாலாற்றுக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்றும் கேட்க வேண்டாம். ஆற்றில் தண்ணீர் இல்லாத ஊர்களில் இரண்டு கரைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அலுவலகத்தின் பெயரை மட்டும் சொல்லிவிடுகிறேன்: வம்சாவளி மெய்ப்பிப்புச் சிறப்புப் பிரிவு. எங்கோ ஒருவன் அடுத்தவனுடைய தாத்தாவைத் தன் தாத்தா என்று சொல்லி நிலத்தை எழுதிக்கொண்டு போய்விட்டானாம். உடனே எல்லாருடைய தாத்தா மீதும் சந்தேகம் வந்துவிட்டது. போலி முன்னோர்களை ஒழிப்பதற்காக மாடியில் இரண்டு அறை, நான்கு மேசை, பதினாறு பீரோ, ஒரு தனி வட்டாட்சியர் எல்லாம் ஒதுக்கினார்கள். படிக்கட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் எழுதியிருந்தது: ‘உங்கள் கொள்ளுத்தாத்தா உண்மையானவரா? உறுதி செய்துகொள்ளுங்கள்!’

அந்தப் படிக்கட்டில்தான் தணிகைவேல் ஒரு திங்கட்கிழமை காலையில் ஏறினார். மேல்விஷாரத்தில் ஒரு ஷூ கம்பெனியில், கட்டிங் பிரிவில் தோல் வெட்டுகிறவர். முப்பத்தெட்டு வயது. தோலை மேசையில் விரித்து ஒரு தடவை கையால் தடவினால், கொசு கடித்த இடம் எது, முள் கீறிய இடம் எது என்று சொல்லிவிடுவார். மனிதர்கள் விஷயத்தில் அந்தத் திறமை கொஞ்சமும் கிடையாது. யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. கிராமத்தில் அவர் குடியிருக்கும் மூன்று சென்ட் நத்தம் மனையில் அரசாங்கத் திட்டத்தில் வீடு கட்ட உத்தரவு வந்திருந்தது. போன மழையில் பழைய வீட்டின் தெற்குச் சுவர் விழுந்துவிட்டது. அம்மா கமலத்தின் பழைய புடவைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்துச் சுவர் இருந்த இடத்தில் கட்டியிருந்தார்கள். தெருவில் போகிறவர்கள் புடவைக்கு அந்தப் பக்கம் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் அவர் பெயரில் பட்டா காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு வீடு போய்விடும்.

மனை இன்னும் கொள்ளுத்தாத்தா காலத்துப் பதிவிலேயே இருந்தது. அங்கேதான் சிக்கல்.

தனி வட்டாட்சியர் சுந்தரமூர்த்தி மனுவை வாங்கி, முதலில் அதன் நான்கு ஓரங்களையும் சரிபார்த்தார். பிறகு தலை நிமிர்ந்தார்.

“கொள்ளுத்தாத்தா பேரு?”

“சீனிவாசன் சார். எங்கப்பாவுக்கும் அவரு பேருதான் வச்சாங்க.”

“நீங்க சொல்றீங்க. ஆவணம் சொல்லணுமே?” அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “தம்பி, மனுஷன் பொய் சொல்வான். ஆவணம் பொய் சொல்லாது. ஏன்னா ஆவணத்த எழுதினவர் ஒரு அரசு ஊழியர். நான் இந்த சீட்டுக்கு வந்து பதினோரு மாசம் ஆவுது. இன்னிய தேதி வரைக்கும் ஒரு தப்பான சான்றிதழ்கூட இந்த ஆபீஸ விட்டு வெளிய போனதில்ல.”

“எத்தினி சான்றிதழ் குடுத்திருப்பீங்க சார்?” தணிகைவேல் மரியாதையாகத்தான் கேட்டார்.

“குடுத்தாத்தானே தப்பு வரும்?”

இதைச் சொன்னபோது சுந்தரமூர்த்தியின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால் யாருக்கும் அவர்மேல் ஒரு பிரியம் வந்துவிடும். தணிகைவேலுக்கு வந்தது. பதினான்கு இனங்கள் கொண்ட ஒரு பட்டியலை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

பட்டியலில் ஒன்பதாவது இனம் இது: ‘உள்ளூர் வரலாற்று நூலில் மனுதாரரின் குடும்பம் பற்றிய குறிப்பு (பக்க எண்ணுடன்).’ நல்ல காலமாக ஊரில் ஒரு வரலாற்று நூல் இருந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நாகேந்திரன் எழுதிய ‘எங்கள் ஊர்: கற்காலம் முதல் பேருந்து நிழற்குடை வரை.’ நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் முந்நூறு பக்கம் நாகேந்திரனின் குடும்பத்தைப் பற்றியது. கற்காலத்தில் இவர்கள் வீட்டைத் தவிர ஊரில் வேறு வீடு இல்லை போலிருக்கிறது.

“வரலாத்துல எடம் வேணும்னா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி வந்திருக்கணும் இல்லப்பா?” என்று நாகேந்திரன் கடிந்துகொண்டார். “சரி, உங்க கொள்ளுத்தாத்தா இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?”

“வண்டி ஓட்டுனாரு சார்.”

“எந்தப் படையில?”

“படை இல்ல சார். பட்டை. ஆவாரம்பட்டை. தோல் பதப்படுத்த ஆம்பூர் ஷாப்புகளுக்கு மாட்டு வண்டில ஏத்திக்கினு போவாராம். போனா மூணு நாள், நாலு நாள் ஆவுமாம் திரும்பி வர.”

நாகேந்திரன் கண்ணை மூடி யோசித்தார். மறுநாள் ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடித்து, இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தார். ‘சக்கரப் படைக்குத் தலைமை தாங்கி, எதிரிகளைத் தேடி மேற்குத் திசையில் மாதந்தோறும் சென்ற தளபதியின் வழிவந்தோர் இன்றும் இவ்வூரில் வாழ்கின்றனர்’ என்று அதில் இருந்தது.

அலுவலகத்தில் ஒன்பதாவது இனத்துக்கு உடனே டிக் விழுந்தது. அந்தக் கோப்பு முழுவதிலும் தணிகைவேல் கொடுத்த ஒரே பொய் அதுதான். அதற்கு மட்டும் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

மற்றதற்கெல்லாம் பதிவறைக்கு அனுப்பினார்கள். பதிவறையைப் பார்த்துக்கொண்டவர் சுகரா பேகம். ஐம்பது வயதிருக்கும். தூசிக்காக முந்தானையை மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டியிருப்பார். முகத்தில் கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கட்டடத்தில் கேட்டதைத் தேடி எடுத்துத் தருகிற ஒரே ஆள் என்பதால் அவருக்கு அங்கே கெட்ட பெயர். இரண்டு வாரம், தணிகைவேலின் லீவு நாள்களிலெல்லாம் தேடி, நான்கு பதிவேடுகளைக் கண்டுபிடித்தார்.

1925-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவேட்டில், தணிகைவேலின் தாத்தா பிறந்தபோது, தந்தை பெயர் ‘திருப்பதி’ என்று எழுதியிருந்தது. 1931-இல் அதே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தந்தை பெயர் ‘பெருமாள்.’ 1934-ஆம் ஆண்டு வீட்டுமனைப் பதிவேட்டில் ‘ஏழுமலை.’ 1952 வாக்காளர் பட்டியலில் ‘கோவிந்தன்.’ நான்கிலும் மனைவி பெயர் மட்டும் ஒன்றே, முனியம்மாள். சீனிவாசன் என்ற பெயர் எந்தப் பதிவேட்டிலும் மருந்துக்குக்கூட இல்லை.

தணிகைவேல் நான்கு பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். அன்று மாலை புடவைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார். கமலம் சிரித்துவிட்டாள்.

“கேக்க வந்த ஆளுங்க பகல்ல வந்திருப்பாங்க. அவரு வண்டி ஓட்டினு ஆம்பூர் போயிருப்பாரு. வூட்ல பெரியம்மா, அதான் உங்க கொள்ளுப்பாட்டி, மட்டும்தான். ‘உன் புருஷன் பேரு இன்னா’ன்னு கேட்டா சொல்லிடுவாங்களா? புருஷன் பேர வாய்ல சொல்ற பொம்பளையா அவங்க? ‘மலை மேல நிக்கிறாரே, அவரு பேரு’ன்னு சொல்லியிருப்பாங்க. கேட்டவன் அவனுக்குத் தோணினத எழுதிக்கினு போய்ட்டான்.”

“நாலு வாட்டியுமாம்மா?”

“நானூறு வாட்டி கேட்டாலும் அதேதான். நான் கல்யாணமாகி வந்தப்ப அவங்க இருந்தாங்க. அவரு செத்து முப்பது வருஷம் ஆயிருந்துது. அப்பவும் சொல்ல மாட்டாங்க. உங்கப்பாவுக்கும் அதே பேரா, பேரனக்கூட பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. ‘ஏய், பெரியவனே’ன்னுதான். அப்படி இருந்தாங்க.” கமலத்தின் குரலில் பெருமை இருந்தது. அவளும் நாற்பது வருடமாக அந்தப் பெயரைச் சொன்னதில்லை. புருஷனை ‘தணிகா அப்பா’ என்றுதான் சொல்வாள். அவர் போன பிறகும் அதேதான்.

மறுநாள் சுகரா பேகத்திடம் இதைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். “இது எனக்குத் தோணலியே! எங்க மாமியாரும் அப்படித்தான் பா. ரேஷன் கடையில மாமனார் பேரு கேட்டா ‘சத்தாரோட அத்தா’ம்பாங்க. கார்டுலயே அப்படித்தான் ஏறிடுச்சு.” உடனே உட்கார்ந்து கோப்பில் குறிப்பு எழுதினார்: பதில் சொன்னவர் மனைவி, கணவர் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லாததால் சாமியைக் குறிப்பாகச் சொல்லியிருக்கிறார், நான்கு பெயரும் ஒரே சாமியின் பெயர்கள், ஆகவே நால்வரும் ஒருவரே.

சுந்தரமூர்த்தி அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, அதை ஒரு அழுக்குத் துணியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்தார்.

“ஏழுமலை, திருப்பதி, பெருமாள், கோவிந்தன் நாலும் ஒருத்தர்தான்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாங்க சார்.”

“அது நம்பிக்கைம்மா. எனக்கும் உண்டு. புரட்டாசி சனிக்கெழம நான் கவுச்சி தொடமாட்டேன். ஆனா இது அரசு அலுவலகம். இங்க நாலு பேரு இருந்தா நாலு ஆளு.” அவர் பேனாவை எடுத்தார். “நாலு பேருடைய மனை. இந்தத் தம்பி ஒருத்தருக்கு வாரிசுன்னே வச்சிப்போம். மிச்சம் மூணு பேருடைய வாரிசுங்களுக்கு நாம துரோகம் பண்ணலாமா? அவங்க எங்க இருக்காங்கன்னே தெரியாது. தெரியாதவங்களுக்குத்தான் இந்த ஆபீஸ் மொதல்ல பாதுகாப்பு குடுக்கணும். எதிர்ல வந்து நிக்கிறவங்கள யாரு வேணா பாத்துக்குவாங்க.”

தெரியாதவர்களைத் தேடி அறிவிப்பு ஒட்டினார்கள். திருப்பதி, பெருமாள், ஏழுமலை, கோவிந்தன் ஆகியோரின் வாரிசுகள் ஏழு நாளுக்குள் நேரில் வர வேண்டும் என்று. இந்த ஜில்லாவில் ஏழுமலை என்று ஒரு முன்னோர் இல்லாத குடும்பம் இருக்கிறதா? முதல் நாள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் வரிசை படிக்கட்டைத் தாண்டி டீக்கடை வரைக்கும் நின்றது. நெமிலியிலிருந்து ஒரு விவசாயி நெல் அறுப்பை நிறுத்திவிட்டு வந்தார். குடியாத்தத்திலிருந்து லுங்கித் தறிக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு பதினோரு பேர், ஆளுக்கொரு கோவிந்தனோடு வந்து இறங்கினார்கள். காட்பாடியில் ரயில் பிடிக்க வந்த ஒருவர், ரயில் இரண்டு மணி நேரம் தாமதம் என்றதும் பஸ் ஏறி வந்து பெருமாளுக்கு ஒரு மனு போட்டுவிட்டுப் போனார்.

சுந்தரமூர்த்தி பூரித்துப் போனார். வாசலுக்கு வந்து நின்று கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்: “இந்தப் பிரிவு எதுக்குன்னு கேட்டாங்க. வந்து பாக்கச் சொல்லுங்க! ஒரு மூணு சென்ட்டுக்கு அறுபத்திமூணு வாரிசு. நாம மட்டும் விழிப்பா இல்லன்னா இவ்ளோ பேரும் ஏமாந்திருப்பாங்க.”

ஏமாற இருந்தது தெரியாமலேயே இருந்தவர்கள் கை தட்டினார்கள். தணிகைவேலும் தட்டினார். எல்லாரும் தட்டும்போது சும்மா நிற்பது மரியாதை இல்லை என்று நினைத்தாராம். என்னிடம் அவரே சொன்னது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு வார்த்தை கேட்டுவிட்டேன்.

தேதி இருபத்தொன்பது ஆகிவிட்டது. லீவு தீர்ந்து, கம்பெனியில் சூப்பர்வைசர் முறைக்க ஆரம்பித்துவிட்டார். தெற்கு மூலையில் மேகம் கட்டிக்கொண்டு நின்றது. அன்று தணிகைவேல் பதிவறை வாசலில் நின்று, வாழ்க்கையில் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். “ரொம்ப பேஜாராப் போச்சு மேடம். மழ வந்தா எங்கம்மாவ எங்க படுக்க வைப்பேன்? அந்த அறுபத்திமூணு பேர் வூட்லயுமா?”

சுகரா பேகத்துக்குத் தாங்கவில்லை. நான்கு பதிவேடுகளையும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் சுந்தரமூர்த்தியின் மேசையில் வைத்தார். தூசி கிளம்பி அவருடைய டீயில் விழுந்தது.

“சார், நாலையும் ஒருதரம் பாருங்க. புருஷன் பேருதான் மாறுது. பொண்டாட்டி பேரு மாறல. அதே ஊரு, அதே வூடு, அதே முனியம்மா. இதுலருந்து இன்னா தெரியுது உங்களுக்கு?”

சுந்தரமூர்த்தி நான்கு பக்கங்களிலும் விரலை வைத்துப் படித்தார். மறுபடி படித்தார். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது. தணிகைவேலுக்கு உயிர் வந்தது.

“இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?” என்றார் சுந்தரமூர்த்தி. “மனைவி ஒருத்தர். கணவர் நாலு பேர். ஆவணம் எவ்ளோ தெளிவா இருக்குது பாருங்க.”

மற்ற மனுக்களின் கட்டை அவர் ஓரமாகத் தள்ளினார்.

“நாலு பேருக்கும் மனைவி இந்தம்மாதான்னா, நாலு பேருக்கும் வாரிசு ஒரே குடும்பம். மிச்ச அறுபத்திமூணு மனுவும் தள்ளுபடி. அவங்க கொள்ளுப்பாட்டி யாரும் முனியம்மா கெடையாது. தம்பி, ஒங்க பிரச்சன தீந்துடுச்சு! நாளைக்கே ஆர்டர் போடுறேன்.”

“சார், எங்க கொள்ளுப்பாட்டி அப்படிப்பட்டவங்க இல்ல சார்.”

“நான் தப்பாவே நினைக்கல. அந்தக் காலத்துல என்ன சூழ்நிலையோ. நாம யாரு தீர்ப்பு சொல்ல? பதிவு பண்றது மட்டும்தான் நம்ம வேல.” அவர் அன்போடு தணிகைவேலின் கையைத் தட்டிக்கொடுத்தார். “ஒரே ஒரு சம்பிரதாயம். ஆர்டர குடும்பத்துல வயசுல பெரியவங்க முன்னாடி வாய்விட்டுப் படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கணும். அம்மாவக் கூட்டிட்டு வாங்க.”

அன்று வீட்டில் தணிகைவேல் சாப்பிடவில்லை. மனைவி மோகனாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். “ஆர்டர வாங்கினாப் போதும், இன்னா எழுதினா இன்னா, யாரு படிக்கப் போறாங்கோ?” என்றாள் மோகனா. படிக்கத்தான் போகிறார்கள், அதுவும் வாய்விட்டு என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல், மறுநாள் காலை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். கமலம் விசேஷத்துக்குக் கட்டும் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வீடு கிடைக்கப் போகிறதென்ற சந்தோஷத்தில் வழியெல்லாம் சமையலறை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள்.

சுந்தரமூர்த்தி எழுந்து நின்று படித்தார். அவர் கொடுக்கும் முதல் சான்றிதழ் அல்லவா, குரல் கொஞ்சம் கம்மியது. “மேற்படி மனைக்கு உரிமை பெற்றவரும், காலஞ்சென்றவருமான திருமதி முனியம்மாள் அவர்களின் கணவர்கள் முறையே, ஒன்று, திருப்பதி. இரண்டு, பெருமாள். மூன்று, ஏழுமலை. நான்கு...”

“நிறுத்துங்க,” என்றாள் கமலம்.

தணிகைவேல் தரையைப் பார்த்தார். பதிவறை வாசலில் சுகரா பேகம் வந்து நின்றார்.

“யாருக்கு நாலு புருஷன்?” கமலம் மேசைக்கு அருகே வந்தாள். “புருஷன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு, சாகுற வரைக்கும் வாயக் கட்டி வச்சிருந்த பொம்பள அவங்க. அவங்க வாயத் தெறக்கலன்னு நாலு பேர எழுதுவீங்களா? ஒருத்தர்தான். ஒரே ஒருத்தர்.”

“அப்ப அவர் பேர் என்னம்மா? நீங்க மூத்தவங்க. ஒங்க வாய்மொழிய நான் பதிவு பண்றேன். விதியில எடம் இருக்குது.”

கமலம் மகனைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருடத்தில் அவள் நாக்கு போகாத இடம் அது.

“சீனிவாசன்,” என்றாள்.

சத்தமே வரவில்லை. மறுபடியும் சொன்னாள். “சீனிவாசன்.” தணிகைவேல் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். தன் அப்பாவின் பெயர் அம்மாவின் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதே இல்லை. அப்பாவே ஒரு நிமிடம் உள்ளே வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னபோதும் அவருக்குக் கண் கலங்கியது. சுகரா பேகம் முந்தானையை மூக்கிலிருந்து இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுந்தரமூர்த்தியும் நெகிழ்ந்துதான் போயிருந்தார். அவரைக் கல் நெஞ்சக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். “ரொம்ப நன்றிம்மா,” என்று சொல்லி உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து, உத்தரவில் நான்காவது பெயருக்குக் கீழே அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘5. சீனிவாசன் (வாய்மொழி).’

“நல்லவேள சொன்னீங்க. ஒருத்தர் விட்டுப் போயிருப்பாரு.”

சுகரா பேகம் பக்கத்தில் இருந்த பீரோவில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கமலம் மட்டும் அசையாமல் நின்றாள்.

“இப்ப எத்தினி பேரு ஆச்சு சார்?”

“அஞ்சு பேரும்மா. முழுமையாயிடுச்சு.”

“இதுல கையெழுத்துப் போட்டா வூடு வந்துருமா?”

“வந்துரும். இனிமே யாராலயும் அசைக்க முடியாது.”

கமலம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த அலுவலகத்தில் யாரும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். பேனாவை வாங்கி, கமலம் என்று நிதானமாக எழுதினாள்.

“நாலுன்னு விட்டிருந்தா இந்தப் பேப்பர ஒங்க மூஞ்சிலயே கிழிச்சுப் போட்டுட்டு, புடவச் சுவத்துக்குள்ளயே செத்திருப்பேன்,” என்றாள். “அஞ்சுன்றது வேற கணக்கு. அஞ்சு புருஷங்காரிக்கு எங்கூர்ல கோயில் கட்டி வச்சிருக்கோம். வருஷா வருஷம் காப்பு கட்டி, வெரதம் இருந்து, அவ முன்னாடி நெருப்புல எறங்குறோம். எங்க பெரியம்மாவ நீங்களே அந்த எடத்துல கொண்டுபோய் உக்கார வச்சிட்டீங்க. அப்பறம் ஷூ போட்ட காலோட நின்னா எப்படி? அதக் கழட்டி வச்சிட்டு, எழுந்து நின்னு, ரெண்டு கையாலயும் அந்த ஆர்டரக் குடுங்க.”

சுந்தரமூர்த்தி சுகரா பேகத்தைப் பார்த்தார். அவர் பீரோவிலிருந்து தலையை எடுக்கவில்லை. தணிகைவேலைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டிருந்தார்.

இது எந்த விதியில் இருக்கிறது என்று தனி வட்டாட்சியர் கேட்கவில்லை. குனிந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.